மைதானத்துக்குச் சம்மதம் கேட்பார்கள், ரோட்டுக்குக் கேட்க மாட்டார்கள்

(கோல்ப் மைதானத் திட்டத்தையும் அதற்கான இணைப்புச் சாலையையும் பற்றி ஏரிக்கரையில் நடந்த விளக்கக் கூட்டத்தில் விவசாயிகள் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.)



மல்லாட்டை பிடுங்குற நேரம். ஆள் கிடைக்காத நேரம். அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கொஞ்ச நாளாகவே நம்ம மலையடிவாரத்தில் வெளியூர் கார்கள் வந்து போகின்றன. மூன்று கால் கருவியை நட்டு அளக்கிறார்கள். யார் நிலம் என்று கேட்காமலே வரப்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டால் "நாங்க கூலிக்கு அளக்க வந்தவங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள். புரோக்கர்களைக் கேட்டால்தான் விவரம் வருகிறது. ஏரிக்கு மேற்கே இருக்கிற மானாவாரி நிலத்தையும், நம்ம மாடு மேய்கிற மேய்க்கால் புறம்போக்கையும் சேர்த்து ஒரு கோல்ப் மைதானம். அதைச் சுற்றிச் சொகுசு வீடுகள், ஒரு ஓட்டல். பெரிய ரோட்டிலிருந்து அந்த மைதானத்து வாசல் வரைக்கும் ஒரு புது ரோடு. இதுதான் திட்டம் என்கிறார்கள்.

கோல்ப் என்றால் என்னவென்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். ஒரு வளைந்த கம்பால் சின்னப் பந்தை அடித்து, தூரத்தில் இருக்கிற குழியில் தள்ளுகிற ஆட்டம். ஒரு முழு மைதானத்துக்கு 18 குழி. நூறு ஏக்கருக்கு மேல் பிடிக்கும். ஆட்டத்தின் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. யார் எதை விளையாடினாலும் விளையாடட்டும். எங்கே விளையாடுகிறார்கள், யார் தண்ணீரில் விளையாடுகிறார்கள், யார் நிலத்தின் மேல் கார் ஓட்டிப் போய் விளையாடுகிறார்கள் என்பதுதான் நம்ம கேள்வி.

ஊருக்குள் நாலு விதமான பேச்சு

சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். எல்லோரும் எதிர்க்கிறார்கள் என்று நாங்கள் பொய் சொல்லப் போவதில்லை. ஊருக்குள் நாலு விதமான பேச்சு இருக்கிறது. நாலையும் மதிக்கிறோம். நாலுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை சங்கத்துக்கு இருக்கிறது.

முதல் பேச்சு: "நிலம் நல்ல விலைக்குப் போகுது. மழையை நம்பி எத்தனை வருஷம் உழுறது? வித்துட்டுப் போறோம், விடுங்க." இதைச் சொல்கிறவர்கள் நம்ம எதிரிகள் இல்லை. மகள் கல்யாணம், பையன் படிப்பு, பேங்க் நகைக்கடன், இவையெல்லாம் யாருக்கு இல்லை? விற்பது அவரவர் உரிமை. ஆனால் ஒன்றை மட்டும் யோசியுங்கள். இப்போது புரோக்கர் கொடுக்கிறது முன்பணம். வாங்கிக்கொள்கிற கையெழுத்து பவர் பத்திரத்துக்கு. பவர் கொடுத்த பிறகு அந்த நிலம் எந்த விலைக்கு யாருக்குப் போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. இன்னும் ஒன்று. விற்கிறவர் பணத்தோடு போய்விடலாம். விற்காத பக்கத்து நிலத்துக்காரருக்கு வழியும் போகும், வாய்க்காலும் போகும். விற்பதாக இருந்தாலும் ஊரோடு கலந்து பேசி விற்றால் விலையும் நிற்கும், வழியும் நிற்கும்.

இரண்டாவது பேச்சு: "பசங்களுக்கு வேலை கிடைக்கும்." கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. புல் வெட்ட, தண்ணீர் விட, வாசலில் காவல் நிற்க, ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும்தான். எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்துக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்ன வேலை எப்படிப் போகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறோம்.

மூன்றாவது பேச்சு: "அது வெறும் காட்டு நிலம்தானே, புல்தானே வளர்க்கிறான், ஃபேக்டரியா கட்டுறான்?" இதற்கு நாம் விவசாயக் கணக்கிலேயே பதில் சொல்வோம். ஒரு ஏக்கரில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் சுமார் 20 ஆயிரம் லிட்டர் தேவை. நம்ம கோடை வெயிலில் பசும்புல் ஒரு நாளைக்குக் குடிக்கிறது ஏறக்குறைய அவ்வளவுதான். 18 குழி மைதானத்தில் 80 ஏக்கர் பச்சைப் புல் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 16 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஓட்டினால் 130 லோடுக்கு மேல். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிற அளவு. அந்தக் கணக்குப்படி 29 ஆயிரம் பேர் புழங்குகிற தண்ணீர் அது.

"நீங்க நெல்லுக்கு விடலையா?" என்று கேட்பார்கள். விடுகிறோம். நெல் நாலு மாதத்தில் அறுத்து முடிந்துவிடும். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம் நாம் நடவு போடுவதில்லை, கேழ்வரகோ எள்ளோ விதைத்துவிட்டுச் சும்மா இருப்போம். கோல்ப் புல்லுக்கு விடுமுறை கிடையாது. பஞ்ச வருஷத்திலும் அது பச்சையாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆட வருகிறவன் வர மாட்டான். நம்ம போர் வற்றுகிற மாதத்தில்தான் அவர்கள் மோட்டார் அதிகமாக ஓடும். பெரிய நகரங்களில் சில மைதானங்களுக்குச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து விடுகிறார்கள், அது உண்மை. நம்ம பக்கத்தில் அவ்வளவு சாக்கடைக்கு எங்கே போவார்கள்? ஏரிக்கு மேலே போர் போட்டு உறிஞ்சுவதுதான் வழி. அந்தப் புல்லுக்குப் போடுகிற உரமும் அடிக்கிற மருந்தும் மழைக்கு வழிந்து எங்கே வரும்? மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். நம்ம ஏரிக்குத்தான் வரும்.

நாலாவது பேச்சுதான் முக்கியமானது. "மைதானம் எப்படியோ போகட்டும். ரோடு வருதே, அது நல்லதுதானே?" இதைச் சொல்கிறவர்கள்தான் ஊரில் அதிகம். அதனால் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

ரோடு யாருக்கு?

ரோடு வேண்டாம் என்று சொல்கிற விவசாயி யாரும் கிடையாது. பால் வண்டி வர ரோடு வேண்டும். பிரசவத்துக்கு 108 வர ரோடு வேண்டும். கரும்பு லோடு போக ரோடு வேண்டும். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதைக்குத் தார் போடச் சொல்லி எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்? மழைக்காலத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் போகிறோமே, அந்தப் பாதைக்கு இன்றுவரை ஒரு கூடை ஜல்லி விழவில்லை.

இப்போது கல் போட்டிருக்கிற வழியைப் பாருங்கள். கல்லைத் தொடர்ந்து நாங்களே நடந்து பார்த்தோம். பெரிய ரோட்டில் பிரிகிறது, ஆயக்கட்டு நஞ்சையைக் குறுக்கே வெட்டுகிறது, ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயைத் தாண்டுகிறது, நேராக மலையடிவாரத்தில் போய் நிற்கிறது. நம்ம ஊரையும் தொடவில்லை, காலனியையும் தொடவில்லை, பள்ளிக்கூடத்தையும் தொடவில்லை, பால் சொசைட்டியையும் தொடவில்லை. சுடுகாட்டுப் பாதையை ஒரு இடத்தில் குறுக்கே வெட்டுகிறது, அவ்வளவுதான் அதற்கும் நமக்கும் உள்ள சம்பந்தம். நம்ம வயல் வழியாகப் போகிற ரோடெல்லாம் நமக்கான ரோடு ஆகிவிடாது.

ஒரு ரோடு எவ்வளவு நிலம் தின்னும் என்று பாருங்கள். 30 மீட்டர் அகலம் எடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 3 ஹெக்டேர், அதாவது சுமார் ஏழரை ஏக்கர். நம்மிடம் இருப்பதோ ஐம்பது சென்ட், எழுபது சென்ட். நேராக ஓரமாகப் போனால்கூடப் பொறுக்கலாம். மூலைக்கு மூலை வெட்டினால் இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். ஏர் திரும்பாது, டிராக்டர் திரும்பாது. கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். குழாய் பதிக்க வேண்டுமானால் ரோட்டுக்காரனிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். பட்டாவில் நிலம் இருக்கும், பயிர் வைக்க முடியாது.

அதோடு ரோடு என்பது மண் கொட்டி உயர்த்திய ஒரு கரை. மேற்கேயிருந்து மழைத் தண்ணீர் எந்த ஒரு வாய்க்காலிலும் அடங்காமல் நிலத்தின் மேல் பரவி வந்துதான் ஏரி நிரம்புகிறது. குறுக்கே கரை போட்டு, அங்கொன்றும் இங்கொன்றும் குழாய்ப் பாலம் வைத்தால் தண்ணீர் பாதி நின்றுவிடும். ரோட்டுக்கு மேல் பக்கத்துக்காரனுக்குப் பயிர் அழுகும், கீழ்ப் பக்கத்துக்காரனுக்குப் பயிர் காயும். மைதானம் வருவதற்கு முன்பே ரோடு நம்ம ஏரியைப் பாதியாக்கிவிடும்.

சட்டத்தில் இருக்கிற சூட்சுமம்

இப்போது நன்றாகக் கவனியுங்கள், இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

நிலம் எடுப்பதற்கு 2013-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் கம்பெனிக்காக அரசு நிலம் எடுத்துக் கொடுக்க வேண்டுமானால், நிலம் இழக்கிறவர்களில் 100-க்கு 80 பேர் முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 பேர். ஊருக்கு என்ன பாதிப்பு என்று சமூகத் தாக்க ஆய்வு செய்ய வேண்டும். பல போகம் விளைகிற பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும். தனியார் ஓட்டலை உள்கட்டமைப்புத் திட்டம் என்று சொல்லி எடுக்க முடியாது. ஆனால் அதே பட்டியலில் "விளையாட்டு", "சுற்றுலா" என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. கோல்ப்புக்கு அந்தக் கதவு வழியாக வருவார்கள். வந்தாலும் 80 பேர் சம்மதம் வேண்டும். இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறோம். அந்த 80 பேர் கணக்கில் நிலம் உள்ளவர்கள்தான் வருகிறார்கள். அந்த நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்களையும் குத்தகைக்காரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது, சம்மதம் மட்டும் அவர்களிடம் கேட்பதில்லை.

சரி, மைதானத்துக்கு இவ்வளவு தடை இருக்கிறது. ரோட்டுக்கு? பாசன நிலத்தைக் காப்பாற்றுகிற அந்தப் பிரிவு நெடுஞ்சாலை, ரயில் பாதை, கால்வாய், மின்பாதை மாதிரி நீளவாக்கில் போகிற திட்டங்களுக்குப் பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. நம்ம மாநிலத்தில் அதற்கும் மேலே ஒன்று செய்திருக்கிறார்கள். தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001 உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு மத்தியச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கினார்கள். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டிலேயே சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. முடிவு என்ன? மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தில் ரோட்டுக்கு நிலம் எடுத்தால் 80 பேர் சம்மதமும் வேண்டாம், சமூகத் தாக்க ஆய்வும் வேண்டாம். இழப்பீடு மட்டும் 2013 சட்டக் கணக்குப்படி தர வேண்டும்.

புரிகிறதா? மைதானத்துக்கு நம்ம கையெழுத்து வேண்டும், அதற்குப் போகிற ரோட்டுக்கு வேண்டாம். அதனால் ரோட்டை முதலில் கொண்டுவருவார்கள். "பொதுமக்கள் வசதிக்காக" என்று போர்டு வைப்பார்கள். ரோடு வந்துவிட்டால் இரண்டு பக்கமும் பிளாட் கல் முளைக்கும். வரத்து நின்று ஏரி வற்றும். இரண்டு போகம் விளையாத நிலத்தை நீங்களே "எடுத்துக்கோ" என்று கொடுத்துவிடுவீர்கள். அப்போது கட்டாயமாக எடுக்கவே தேவையில்லை. 80 பேர் சம்மதம் தானாக வந்துவிடும்.

2023-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், நடுவில் கிடக்கிற ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கைத் திட்டத்தோடு சேர்த்துக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. வந்தபோதே விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. மைதானத்தைச் சுற்றிச் சொகுசு வீடு, ஓட்டல் என்று பரப்பை ஏன் பெருக்குகிறார்கள் என்று சந்தேகப்பட நமக்கு நியாயம் இருக்கிறது.

"அதிகாரிங்க கூட்டம் போட்டு நம்ம கருத்தைக் கேப்பாங்க, அப்போ சொல்லிக்கலாம்" என்று சிலர் காத்திருக்கிறீர்கள். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கட்டடம், நகரியத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. அவர்கள் கேட்கும் வரை காத்திருந்தால் கேட்காமலே முடிந்துவிடும். நம்ம கருத்தை நாமேதான் பதிய வேண்டும்.

இரண்டு ஊர்களின் கதை

இந்தச் சண்டை உலகத்திலேயே நமக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன்ஷயர் என்ற வட்டாரம். கடலோரத்தில் மெனி என்ற இடத்தில் மணல் மேடுகள், அரிய இயற்கை அமைப்பு என்று அரசே பாதுகாத்து வைத்திருந்த மேடுகள். அங்கே கோல்ப் மைதானம் கட்ட வந்தவர் அமெரிக்கப் பணக்காரர் டொனால்ட் டிரம்ப், பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான். 100 கோடி பவுண்டு முதலீடு, 6 ஆயிரம் பேருக்கு வேலை, பெரிய ஓட்டல், நூற்றுக்கணக்கான வீடுகள் என்று சொன்னார்கள். அங்கேயும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வியாபாரிகள் பலர் வரட்டும் என்றார்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில முடியாது என்றன. 2007 நவம்பரில் உள்ளாட்சிக் குழு வாக்கெடுத்தது. இரண்டு பக்கமும் சமமாக நின்று, தலைவரின் தீர்மான ஓட்டால் திட்டம் தள்ளுபடியானது. உடனே மேலே இருந்த அரசாங்கம் கோப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஓட்டுப் போட்ட தலைவர் பதவியை இழந்தார். 2008-இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். 2012-இல் மைதானம் திறந்தது.

அப்புறம் என்ன நடந்தது? மணல் மேட்டின் இயற்கை கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி 2020-இல் அந்த இடத்தின் பாதுகாப்புத் தகுதியையே நீக்கிவிட்டார்கள். 6 ஆயிரம் வேலை என்றார்களே, நேரடியாக அங்கே வேலை பார்க்கிறவர்கள் நூறு பேர்கூட இல்லை. வேலை வரும் என்று நம்புகிற தம்பிகள் இதை மனதில் வையுங்கள். ஆனால் ஒன்று, அங்கே நிலத்தை விற்க மாட்டேன் என்று நின்ற சிறு விவசாயியை அவர்களால் அசைக்க முடியவில்லை. அவர் நிலத்தில் ஒரு ஏக்கரை ஆதரவாளர்கள் வாங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டுப் பங்குதாரர்களாகப் பெயர் கொடுத்தார்கள். கட்டாயமாக எடுப்பதாக இருந்தால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற நிலைமை. கடைசியில் கட்டாயமாக எடுக்கிற பேச்சையே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு ஊர் மெக்சிகோ நாட்டில், மோரெலோஸ் மாநிலத்தில் தெபோஸ்த்லான். மலையடிவாரத்து ஊர், நம்ம ஊர் மாதிரி. "உழுகிறவனுக்கே நிலம்" என்று போராடி 1919-இல் சுட்டுக் கொல்லப்பட்ட விவசாயத் தலைவர் சபாத்தா பிறந்த மாநிலம். 1995-இல் அங்கே ஊர்ப் பொது நிலத்திலும் தேசியப் பூங்கா எல்லையிலும் கோல்ப் மைதானம், நூற்றுக்கணக்கான சொகுசு வீடுகள் என்று ஒரு கம்பெனி வந்தது. ஊருக்குத் தெரியாமல் உள்ளாட்சி மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. 1995 ஆகஸ்ட் மாதம் ஜனங்கள் திரண்டு மன்றக் கட்டடத்தைக் கையில் எடுத்தார்கள். தலைவர் பதவியை விட்டுப் போனார். ஊர் வழக்கப்படி தெருத் தெருவாகக் கூடி, புது மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஊர் எல்லையில் தடுப்புப் போட்டு இரவும் பகலும் காவல் இருந்தார்கள், பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். 1996 ஏப்ரல் 10, சபாத்தா நினைவு நாளில், ஜனாதிபதியிடம் மனு கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் மறித்து அடித்தது. ஒரு முதியவர் உயிரிழந்தார். சில நாளிலேயே கம்பெனி திட்டத்தைக் கைவிட்டுப் போய்விட்டது.

ஒரு ஊரில் மன்றம் வேண்டாம் என்றது, மேலே இருந்தவன் வேண்டும் என்றான். இன்னொரு ஊரில் மன்றம் வேண்டும் என்றது, ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். அதாவது தலைவர் ஒருத்தர் நல்லவரா கெட்டவரா என்பதோடு முடிகிற விஷயமில்லை இது. ஊர் ஒன்றாக நிற்கிறதா என்பதுதான் முடிவு செய்கிறது.

தெபோஸ்த்லான் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. கோல்ப்பை விரட்டிய அதே ஊர் வழியாக 2012 வாக்கில் பெரிய ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். மரத்தை வெட்ட விடாமல் ஜனங்கள் நின்றார்கள், வழக்குப் போட்டார்கள், வருஷக்கணக்கில் வேலை நின்றது. கடைசியில் ரோடு அகலமாகிவிட்டது. கோல்ப்பைத் தடுத்த ஊராலேயே ரோட்டைத் தடுக்க முடியவில்லை. ரோடு அவ்வளவு பலமானது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், கண் ரோட்டின் மேல் இருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

இந்தக் கூட்டத்தோடு கலைந்து போனால் பிரயோஜனம் இல்லை. யாரையும் அடிக்கப் போவதில்லை, எதையும் உடைக்கப் போவதில்லை. செய்ய வேண்டியதெல்லாம் காகிதத்திலும் நேரிலும் இருக்கிறது.

ஒன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. தலைவர் நடத்தினாலும் தனி அலுவலர் நடத்தினாலும் தீர்மானம் கொண்டுவருகிற உரிமை நமக்கு உண்டு. அடுத்த கிராம சபையில் வீட்டுக்கு இரண்டு பேர் வர வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மைதானம் வேண்டாம் என்று ஒரு தீர்மானம், இந்த வழியில் ரோடு வேண்டாம் என்று தனியாக ஒரு தீர்மானம். இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்றில் மற்றது ஒளிந்துகொள்ளக் கூடாது. தீர்மான நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

தீர்மானம் போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று ஆசை காட்ட மாட்டோம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றபோது 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஜனங்கள் ரோட்டில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்தில் 2022 முதல் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டும் விமான நிலைய வேலை நிற்கவில்லை. தீர்மானம் மட்டும் போதாது, ஆனால் தீர்மானம் இல்லாமல் எதுவும் நடக்காது. நாளைக்குக் கோர்ட்டில் "ஊர் என்ன சொன்னது?" என்று கேட்டால் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.

இரண்டு, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த ரோட்டின் வழித்தடத்தை யார் கேட்டார்கள், எந்தத் துறை ஒப்புக்கொண்டது, எந்தெந்த சர்வே எண் வருகிறது என்று கேட்டு மனு எழுதிச் சங்கத்தில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று போடுங்கள்.

மூன்று, நோட்டீஸ். ரோட்டுக்கு நிலம் எடுப்பதற்கு முன் நிலத்துக்காரரிடம் ஆட்சேபணை கேட்டாக வேண்டும், நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நோட்டீஸில் போட்டிருக்கிற தேதிக்குள் எழுத்து மூலம் பதில் போக வேண்டும். நோட்டீஸ் வந்த அன்றே சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பயந்துபோய்ப் பெட்டியில் வைக்காதீர்கள், கோபத்தில் கிழித்தும் போடாதீர்கள்.

நாலு, கையெழுத்து. எழுதாத பேப்பரிலோ படிக்காத பேப்பரிலோ கையெழுத்தோ கைநாட்டோ கூடாது. பட்டா பெரியவர் பேரிலேயே இருந்தால் இப்போதே வாரிசு பேருக்கு மாற்றுங்கள். பேர் மாறாத நிலத்தில் இழப்பீடும் சண்டையாகும், ஆட்சேபணையும் எடுபடாது.

நம்ம கோரிக்கைகள்

1. ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கோல்ப் மைதானத்துக்கு எந்த அனுமதியும் கொடுக்காதே!

2. மேய்க்கால் புறம்போக்கையும் வரத்துக் கால்வாயையும் அளந்து கல் நட்டுப் பாதுகாத்துக் கொடு!

3. மைதானத்து வாசலுக்குப் போகிற ரோட்டைப் பொது ரோடு என்று சொல்லி நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலம் எடுக்காதே!

4. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் நட்ட கற்களை அகற்று! அளந்தவர் யார் என்று ஊருக்குச் சொல்!

5. ரோடு போட நிதி இருந்தால் முதலில் காலனி சுடுகாட்டுப் பாதையையும் பால் சொசைட்டி ரோட்டையும் போடு!

கடைசியாக ஒரு வார்த்தை. விற்கலாம் என்று நினைக்கிற அண்ணன்மார்களும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை யாரும் ஒதுக்கி வைக்க மாட்டோம், உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வழக்கம்போல வருவோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ரோட்டு விஷயம் முடிகிற வரைக்கும் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். ஊர் பிரியாமல் இருந்தால் விற்கிறவருக்கும் நல்ல விலை, விற்காதவருக்கும் ஏரித் தண்ணீர். ஊர் பிரிந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம், புரோக்கருக்கு மட்டும் லாபம்.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். காலை எட்டு மணிக்கு ஏரிக்கரையிலிருந்து வேன் புறப்படும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், பட்டா நகலையும் கூடவே எடுத்து வாருங்கள்.

ஏரியைக் காப்போம்! நிலத்தைக் காப்போம்!
நமக்கு இல்லாத ரோட்டுக்கு நம்ம நிலம் இல்லை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!